எதிர்மொழி கேட்கும் மேடை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில், தென்னந்தோப்புகளுக்கும் பலாமரங்களுக்கும் பூந்தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த கீரமங்கலத்துக்குப் போகிறவர் எவரும், மெய்நின்றநாதர் ஆலயத்தருகே 81 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் சிவபெருமானின் திருவுருவத்தைக் காணாமல் திரும்ப முடியாது. அவ்விடத்திலேயே, அளவிற் சிறியவராய், நக்கீரரும் நிற்கிறார். இத்தலம் நக்கீரரோடு தொடர்புடையது என்பது ஊராரின் நெடுநாளைய நம்பிக்கை. தருமி என்னும் ஏழைப் புலவன் கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் கண்டு, அதை இயற்றியவர் இறைவனே என்று தெரிந்த பின்னும் தம் வாதத்தை விட்டுக்கொடாமல் நின்ற அந்தப் புலவரை, அவர் எதிர்த்து வாதாடிய கடவுளுக்குச் சமீபத்திலேயே சிலையாக நிறுத்தி வணங்குவது, எதிர்மொழி சொல்வதைப் பக்திக்கு விரோதமாகக் கருதாத ஒரு சமூகத்தின் செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்த வழிகளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ஏட்டில் இருந்தது, கோயில் மண்டபங்களில் புராணம் படித்துப் பொருள் சொல்லுவோரின் வாய்மொழியாகவும், அச்சுப் புத்தகமாகவும், நாடகமாகவும் பரவி, 1965-ஆம் ஆண்டில் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' திரைப்படமாக வந்தது. சிவாஜி கணேசன் இறைவனாகவும், நாகேஷ் தருமியாகவும், நாகராஜனே நக்கீரராகவும் தோன்றிய அப்படம் கொட்டகையை விட்டுப் போன பிறகும் கதை ஓயவில்லை. அதன் வசனம் இசைத்தட்டில் ஏறி, பின்னர் ஒலிநாடாவில் ஏறி, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கெல்லாம் மைக் செட் கட்டினார்களோ அங்கெல்லாம், தென்னையின் உச்சியில் கட்டிய குழாய்களின் வழியே ஊர் முழுவதும் ஒலித்தது. படத்தை ஒருமுறையும் பார்த்திராத பாட்டிமார்கூடத் தருமியின் புலம்பலை ஏற்ற இறக்கத்தோடு சொல்லக்கூடியவர்களாக ஆனது அந்தக் குழாய்களால்தான்.

கதை ஒன்றே; ஆனால் அதைக் கேட்டவனுடைய ஸ்தானம் ஒவ்வொரு சாதனத்திலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மண்டபத்தில் புராணம் கேட்டவன் இடையிலே எழுந்து ஒரு சந்தேகம் கேட்கலாம். படிக்கிறவர் நிறுத்திப் பதில் சொல்லியாக வேண்டும். மரத்து உச்சியிலிருக்கும் குழாயிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. தொலைவிலிருப்பவரிடம் குரலைக் கொண்டுசேர்க்கும் கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவு என்ற இரண்டையே நாம் அளக்கிறோம். அந்தக் கருவியின் வழியே கேட்டவனுடைய பதில் திரும்பி வருகிறதா என்பதை அளப்பதில்லை. மனிதரை மனிதரோடு சேர்ப்பதும் பிரிப்பதும் அந்த மூன்றாவது அளவுதான் என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சீமையின் கிராமங்களில் பங்குனியில் தொடங்கி ஆடி வரையில் இரவிரவாக நடைபெறும் இசை நாடகமே போதும்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஜனங்கள் சொல்லும் இந்தக் கலைக்கு ஒரு விசேஷ அமைப்பு உண்டு. இதற்குக் கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் டான்ஸ் பெண்ணும், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்போரும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள். அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் சில சமயம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் பொழுது விடியும் வரை ஒரு முழு நாடகத்தை நடத்தி முடிக்கிறார்கள் என்றால், எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடம் அவர்கள் நெஞ்சில் இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பாடத்தைத் தந்தவர் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் புதல்வராகவே ஏற்று இசையறிவு ஊட்டினார் என்பதால், இந்த மாவட்டத்துக்கு அவர் மேல் தனி உரிமை உண்டு. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' என்று அவர் எழுதி வைத்தவற்றையே இன்றும் ஆடுகிறார்கள்.

'வள்ளி திருமணம்' நடக்கும் ஓர் இரவைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். ஊர்ப் பொட்டலில் பாய் விரித்து, பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக அமர்ந்திருக்கிறார்கள். முன் வரிசைக் குழந்தைகள் பபூன் வந்து போனதும் தூங்கிவிட்டன. நடுச்சாமத்துக்குப் பின், தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். முருகனுக்கும் வள்ளிக்கும் நடுவே செய்தி கொண்டுபோகிறவர் அவர். செய்தியைச் சொல்லிவிட்டுப் போவதோடு அவர் வேலை முடிவதாயிருந்தால் நாடகம் அரை மணியில் முடிந்துவிடும். முடிவதில்லை, ஏனெனில் வள்ளி எதிர்க்கேள்வி போடுகிறாள். ஏற்கெனவே ஒரு மனைவி உள்ளவனுக்கு நான் எதற்கு என்கிறாள். நாரதர் சாஸ்திரம் காட்டுகிறார். அவள் அதற்கு மறுப்புச் சொல்லுகிறாள். ஆர்மோனியக்காரர் நடுவே புகுந்து ஓரடி பாடி வள்ளியின் கட்சியை எடுத்துக்கொள்கிறார். தர்க்கம் ஒன்று, இரண்டு மணி நேரம் வளர்கிறது. இதில் எழுதி வைத்த வரிகள் கொஞ்சந்தான். மற்றதெல்லாம் அந்தந்த க்ஷணத்தில், எதிரிலிருக்கும் நடிகரின் சாமர்த்தியத்தையும் கீழே இருக்கும் கூட்டத்தின் முகத்தையும் பார்த்துப் பிறப்பவை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தால் வள்ளி அந்தத் திசையிலேயே இன்னொரு கேள்வியை வீசுகிறாள். ஒரு பெரியவர் துண்டுச் சீட்டில் பெயரெழுதிப் பணத்தோடு மேடைக்கு அனுப்புகிறார். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, இன்னார் அன்பளிப்பு என்று அறிவித்து நன்றி சொல்லி, அவர் விரும்பிய பாட்டை நடிகர் பாடிய பிறகே கதை மேலே நகர்கிறது. பட்டணத்து நாடகம் பார்த்துப் பழகியவருக்கு இது இடையூறாகத் தோன்றலாம். ஆனால் மேடைக்கும் பாய்க்கும் இடையே இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலே நாடகத்தின் உயிர் என்று சொல்வேன்.

மைக் வராத காலத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எல்லை வகுத்தது மனிதச் சாரீரம். கூட்டத்தின் கடைசியில் நிற்பவன் காதில் விழும்படி பாடக்கூடியவனே நடிகன். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்து கட்டைக்கு மேல் அனாயாசமாகச் சஞ்சரித்த குரலினால்தான் தமிழகமெங்கும் பிரசித்தி பெற்றார். அவரோடு மேடையில் இணைந்து பின்னர் வாழ்க்கையிலும் இணைந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அதே உச்சத்தில் பாடினார். அவர்கள் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த வேளையில்தான் கிராமபோன் நம் நாட்டு மத்தியதர வீடுகளுக்குள் நுழைந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷமே அடங்கும். மேடையில் ரசிகர் கேட்கக் கேட்க நீண்டு, ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விதமாக மலர்ந்த பாட்டு, அந்த மூன்று நிமிஷத்துக்குள் தன்னைச் சுருக்கி ஒரே விதமாக நிலைத்துவிட்டது. அது நஷ்டந்தான். ஆயினும் கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழே வயதில் காலமானபோது, மேடையில் அவர் பாடியவை எல்லாம் காற்றோடு போயின. தட்டில் இருந்தவை மட்டுமே நமக்கு மிஞ்சின. இந்த லாபநஷ்டக் கணக்கை எளிதில் தீர்த்துவிட முடியாது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் வெவ்வேறு ஊர்களில் நாடகம் ஆடிக்கொண்டு பிரிந்திருந்த நாட்களில் அவர்களுக்கிடையே கடிதங்கள் போய் வந்தன. அவற்றுட் சில பிற்காலத்தில் அச்சாகியும் இருக்கின்றன. இசைத்தட்டு ஆயிரமாயிரம் பேரிடம் கொண்டுசேர்த்த அந்தக் குரல்கள், தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதித் தபாற்காரனிடம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தன. தட்டு விரைவாகப் பரவிற்று, ஆனால் அதற்குப் பதில் எழுதுவார் இல்லை. கடிதம் மெதுவாகப் போயிற்று, அதற்கோ மறுமொழி வந்தது, அல்லது வராமையே ஒரு மறுமொழியாக நெஞ்சை வருத்திற்று. கணவன் மறைந்த பின் இளம் வயதிலேயே வெள்ளைப் புடவை பூண்டு பல்லாண்டுகள் வாழ்ந்த அந்த அம்மையார், அதே 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து பாடியதைப் பார்க்கும் போதெல்லாம், ஒலிபெருக்கி அறியாத ஒரு மேடையில் பயின்ற சாரீரம் இது என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

மேடையிலிருந்து திரைக்குப் போன வழியில் புதுக்கோட்டைக்கும் பங்குண்டு. இவ்வூரில் பிறந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பா, 1940-இல் வெளிவந்த 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் தாங்கிப் பெரும் நட்சத்திரமானார். நக்கீரராகத் திரையில் வந்த ஏ.பி. நாகராஜனும், சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர்களான டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றவரே. அவருடைய படங்களில் தர்க்கங்கள் அத்தனை கூர்மையாக அமைந்ததற்கு, நாடக மேடையின் சொல்லாடலில் அவர் ஊறியிருந்ததே காரணமாயிருக்க வேண்டும்.

1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது. ஊராட்சி மன்றத்துப் பொது ரேடியோவைச் சுற்றி மாலையில் கூடியவர்கள் செய்தியையும் பாட்டையும் சேர்ந்து கேட்டார்கள். பின்னாளில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்துக்கும் அப்படியே காத்திருந்தார்கள். நிலையத்தோடு அவர்களால் பேச முடியாவிட்டாலும் பக்கத்திலிருப்பவரோடு பேச முடிந்தது. ஆகையால் அந்தக் கருவி ஒருவழிப் பாதையாயிருந்தும் மனிதரைப் பிரிக்கவில்லை. ரேடியோ சிறுத்துச் சட்டைப்பைக்குள் போன பிறகே அது தனிமையின் துணைவனாயிற்று.

நாடக மேடைக்கு மைக் வந்தது வேறு விதமான மாறுதல். அது வந்த பின் மெல்லிய சாரீரமுள்ளவரும் நடிக்க வழி பிறந்தது. வள்ளி முணுமுணுத்தால்கூடக் கடைசிப் பாயில் இருப்பவளுக்குக் கேட்டது. பத்து ஊருக்கு அப்பாலிருப்பவனும், இன்றைக்கு இன்ன ஊரில் நாடகம் என்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டே புறப்பட்டு வந்தான். ஆனால் மேடையின் நடுவே தொங்கிய அந்த ஒற்றை மைக்கைவிட்டு நடிகர்கள் அப்பால் நகர முடியவில்லை. ஆட்டமும் நடையும் குறுகின; எதிரெதிரே நின்று பேச வேண்டியவர்கள் இருவரும் மைக்கை நோக்கி நின்று பேசினார்கள். இப்போது கம்பியில்லா மைக் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்ற 2000-ஆம் ஆண்டின் விதி வேறொரு கட்டைப் போட்டிருக்கிறது. திருவிழாவுக்குச் சில நாட்கள் தளர்வு உண்டென்றாலும், அது நள்ளிரவோடு நின்றுவிடுகிறது. விடியும் வரை ஆடவேண்டிய கலைக்கு அது போதாது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும் என்பது நியாயந்தான். குழாயைக் கழற்றிவிட்டு, கூட்டம் இருக்கும் இடத்துக்கு மட்டும் கேட்கும்படி சிறு பெட்டிகளை வைத்துக்கொண்டால் இருவர் உரிமையும் காக்கப்படும் என்பது என் கருத்து.

கருவியின் வழியே பதில் வருமானால் என்ன நேரும் என்பதை, அமெரிக்காவில் கிட் காலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் 1980 நவம்பரில் காட்டினார்கள். நியூயார்க்கில் ஒரு வீதியோரக் கண்ணாடிச் சாளரத்திலும், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கடைச் சாளரத்திலும் ஆளுயரத் திரைகளை அமைத்து, செயற்கைக்கோள் மூலம் இணைத்து, அறிவிப்பும் விளக்கமும் ஏதுமின்றித் திறந்துவிட்டார்கள். இந்தக் கரையில் நடந்து போனவர் அந்தக் கரையில் நடப்பவரை நேரில் போலக் கண்டார், பேசினார், பதிலும் கேட்டார். மூன்றே மாலைகள்தான் அது நடந்தது. முதல் மாலையில் அந்நியர்கள் திகைத்து நின்றார்கள். கடைசி மாலைக்குள், நெடுநாள் சந்திக்காத உறவினர்கள் தொலைபேசியில் நேரங்குறித்துக்கொண்டு இரு பக்கமும் வந்து நின்று, திரையைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கலைஞர்கள் ஒரு படமும் எழுதவில்லை, ஒரு கதையும் சொல்லவில்லை. பதில் பேசுவதற்கு ஓர் இடத்தைத் திறந்து வைத்தார்கள்; அதையே கலை என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

அவர்கள் மூன்று மாலைகள் அபூர்வமாகக் காட்டியதை இன்று கீரமங்கலத்துப் பூ மண்டியில் கூடை இறக்கும் பெண் தினந்தோறும் செய்கிறாள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் மகன் முகத்தைக் கைபேசியில் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இந்த வசதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை கரைகடந்த கஜா புயல் காட்டிவிட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. இப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. அயல்நாட்டிலிருந்தவர்கள் வீட்டார் உயிரோடிருக்கிறார்களா என்றறியாமல் தவித்தார்கள். ஊரிலோ, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒருவர் போய் இன்னொருவர் நலம் அறிந்து வந்தார்கள்.

இப்போது நாடகமும் அந்தக் கைபேசிக்குள் வந்துவிட்டது. திருவிழாவில் ஆடிய 'வள்ளி திருமணம்' முழுவதையும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள்; சில ஊர்களில் நேரலையாகவே அனுப்புகிறார்கள். 2020-இல் ஊரடங்கு வந்து, பங்குனி தொடங்கி ஆடி வரையிலான பிழைப்பு மாதங்கள் முழுதும் மேடையின்றிக் கலைஞர்கள் பட்டினி கிடந்த காலத்தில், பழைய பதிவுகளே அவர்கள் குரலை ஊராருக்கு நினைவூட்டின. தன் தெருவையும் தன் ஊர்ப் பந்தலையும் பார்க்கும் ஆசையில், பாலைவனத்து விடுதியில் கண் விழித்திருக்கும் ஓர் இளைஞனுக்கு அந்த நேரலை எத்தகைய ஆறுதல் என்பதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அவன் அனுப்பிய அன்பளிப்பை உறவினர் ஒருவர் மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, நடிகர் அவன் பெயரை மைக்கில் சொல்லும்போது, அவனும் அந்தப் பாயில் ஓரமாக வந்து உட்கார்ந்தவனாகிறான். அங்கே கருவி பதிலைச் சுமக்கிறது. நல்ல காரியம் செய்கிறது.

அதே படப்பெட்டி இன்னொன்றும் செய்கிறது. பபூன் என்பவர் அந்தந்த ஊரின் நல்லது பொல்லாததை அந்த ஊர் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை பெற்றவர். ஏரி தூர்ந்து கிடப்பதையும், பெரிய மனிதர் ஒருவரின் கஞ்சத்தனத்தையும் அவர் கேலியாகச் சொன்னால், சொல்லப்பட்டவரே சிரித்துவிட்டுப் போவார். ஏனெனில் அது அந்த இரவுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் மட்டும் உரியது. இன்று அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி எடுத்து, முன்னும் பின்னும் தெரியாத லட்சம் பேருக்குக் காட்டுகிறார்கள். நாரதரும் வள்ளியும் இரண்டு மணி நேரம் வளர்த்த தர்க்கத்தில் ஒரு பக்கத்து வார்த்தை மட்டும் தனியே பறந்து போகிறது. அதற்கு வந்த மறுப்பு கூடப் போவதில்லை. கீழே எழுதுகிறவர்கள் நடிகையின் பாட்டைப் பற்றி எழுதாமல் உடலைப் பற்றி எழுதுகிறார்கள்; எதிரே உட்கார்ந்திருந்தால் அவர்களில் எவரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் பற்றி ஆராய்ந்து 2005-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானுடவியல் அறிஞர் சூசன் சைஸர், சமூகம் இவர்கள் மேல், முக்கியமாகப் பெண்கள் மேல், சுமத்திய இழிவையே தம் நூலின் பொருளாகக் கொண்டார். அந்த இழிவுக்குப் புதிய கருவி பதினாயிரம் வாய்களைக் கொடுத்திருக்கிறது என்பது வருந்தத்தக்கது. விளைவு என்ன? படம்பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் நடிகர் நாக்கை அடக்கிக்கொள்கிறார், பழகிய பாட்டை, பழகிய ஹாஸ்யத்தைத் திரும்பச் சொல்லுகிறார், தர்க்கம் தேய்கிறது. மூன்று நிமிஷ இசைத்தட்டு அன்று பாட்டுக்குச் செய்ததை ஒரு நிமிஷப் படத்துண்டு இன்று பேச்சுக்குச் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே வரும் பங்குனியில் நாடகம் வைக்கப்போகும் ஊர்க் கமிட்டியாரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம்பிடிப்பதானால் கலைஞர்களிடம் முன்கூட்டியே சம்மதம் பெறுங்கள்; ஏற்றுவதானால் தர்க்கத்தை வெட்டாமல் முழுதாக ஏற்றுங்கள்; அதனால் வரும் வருமானத்தில் ஆடியவருக்கும் வாசித்தவருக்கும் பங்கு கொடுங்கள்; அசிங்கமாக எழுதுபவர் வரிகளை அன்றன்றே நீக்க ஊரில் ஓர் இளைஞரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஊரில் இருந்துகொண்டே வீட்டுத் திண்ணையில் கைபேசியில் நேரலை பார்க்கிறவர்கள் தயவுசெய்து எழுந்து பொட்டலுக்குப் போங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வள்ளி அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.